என்சோ ஃபெராரியும் 36 தேர்களும்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க நாட்டுக் கலிஃபோர்னியா மாநிலத்தின் மான்டரே என்னும் கடற்கரை ஊரில் நிகழ்ந்த ஏலம் ஒன்றில், 56 ஆண்டுப் பழமையுடைய ஒரு கார் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதில் இருவர் மட்டுமே அமரலாம். தரைவிரிப்பு இல்லை, கூரையின் உட்புறத்தை மூடும் துணியும் இல்லை, எவ்வளவு விரைவில் செல்கிறோம் என்று காட்டும் கருவிகூட இல்லை. புதிதாக விற்கப்பட்ட நாளில் அமெரிக்காவில் அதன் விலை 18,000 டாலர். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்பது அதன் பெயர். 1962 முதல் 1964 வரையிலான மூன்றாண்டுகளில் அவ்வகையில் உருவானவை மொத்தம் 36. காண்போர் கண்ணைக் கட்டி நிறுத்தும் அழகுடைய அந்தக் காரைப் புகழ்வோர் உலகெங்கும் உளர். அதனைச் செய்வித்தவருடைய வாழ்வை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

செய்தவர் என்னாது செய்வித்தவர் என்றதற்குக் காரணம் உண்டு. என்சோ ஃபெராரி பொறியியல் கற்றவர் அல்லர். தம் கையால் ஓர் எஞ்சினின் வரைபடத்தைக்கூட அவர் தீட்டியதில்லை. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று பிரிப்போம். ஃபெராரியின் வாழ்வு முழுவதும் பிறவினையே. திறமையுடையாரைக் கண்டெடுத்து, ஒருவரோடு ஒருவரைப் போட்டியிடச் செய்து, அவர்களிடமிருந்து அவர்களே அறியாத ஆற்றலை வெளிக்கொணரும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. அக்கலையின் ஒளியும் இருளும் ஆகிய இரண்டும் இவ்வரலாற்றில் உண்டு.

வட இத்தாலியின் மோடெனா நகரில் 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் ஃபெராரி பிறந்தார். கடும் பனிப்பொழிவால் பிறப்பைப் பதிவு செய்ய இரண்டு நாள் ஆயிற்று. தந்தை ஆல்ஃபிரெடோ வீட்டையொட்டி ஓர் உலோகப் பட்டறை நடத்தி வந்தார். 1908-இல் பொலோனியா நகரில் நடந்த கார்ப் பந்தயத்திற்குத் தந்தை தம் இரு மைந்தரையும் அழைத்துச் சென்றார். ஃபெலீச்சே நட்சாரோ என்னும் வீரர் அதில் வாகை சூடினார். பத்து வயதுச் சிறுவனாகிய என்சோவின் நெஞ்சில் அக்காட்சி ஆழப் பதிந்தது. ஆயினும் இசைநாடகப் பாடகராதல், விளையாட்டுச் செய்தியாளராதல் என வேறு ஆசைகளும் அவருக்கு இருந்தன.

1916-ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்தின் மீது இடியென இறங்கிற்று. தந்தை நுரையீரல் அழற்சியால் இறந்தார். போர்ப்பணிக்குச் சென்ற மூத்த சகோதரரும் அதே ஆண்டில் நோயுற்று மாண்டார். முதல் உலகப் போரின்போது மலைப் பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்ட என்சோவுக்குக் கிடைத்த வேலை, கோவேறு கழுதைகளுக்கு இலாடம் அடிப்பது. பின்னாளில் நூற்றுக்கணக்கான குதிரைத் திறன் கொண்ட எஞ்சின்களை ஓடவிட்டவரின் தொடக்கம் அத்தகையது. அங்கும் கடும் நோய்க்கு ஆளாகி, பிழைத்ததே அரிது என்னும் நிலையில் வீடு திரும்பினார்.

போர் முடிந்த குளிர்காலத்தில் வேலை தேடி டூரின் நகரத்து ஃபியட் நிறுவனத்தை அணுகினார். நம் நாட்டுச் சாலைகளில் பிரீமியர் பத்மினி என்ற பெயரில் ஓடிய கார் இந்த ஃபியட் நிறுவனத்தின் வடிவமைப்பே என்பதை மூத்தோர் அறிவர். அங்கே அவருக்கு இடமில்லை என்று கூறிவிட்டனர். தந்தையும் உடன்பிறந்தாரும் இல்லை. கையில் காசும் இல்லை. வாலன்ட்டீனோ பூங்காவில் பனி மூடிய ஒரு பலகையில் அமர்ந்து அவர் அழுதார். இதனைப் பிற்காலத்தில் அவரே தம் நினைவுநூலில் எழுதியுள்ளார்.

பின்னர் மிலான் நகரில் ஒரு சிறு நிறுவனத்தில் கார்களை ஓட்டிப் பார்க்கும் பணி கிடைத்தது. 1919-இல் முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கினார். 1920-இல் ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்தில் சேர்ந்து, அவ்வாண்டே சிசிலித் தீவின் புகழ்பெற்ற தார்கா ஃபுளோரியோ பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றார். ஓட்டுநராக அவர் மட்டமானவரும் அல்லர். முதல்வரிசை வீரரும் அல்லர். தம் எல்லையைத் தாமே உணர்ந்தவர் என்று சொல்வது பொருந்தும். ஆட்களைக் கவர்ந்து வருவதிலேயே அவருடைய உண்மையான திறமை வெளிப்பட்டது. 1923-இல் ஃபியட்டிலிருந்து வித்தோரியோ யானோ என்னும் வடிவமைப்பாளரை ஆல்ஃபா ரோமியோவுக்கு அழைத்து வந்தவருள் முதன்மையானவர் ஃபெராரியே. தமக்கு வேலை மறுத்த இடத்திலிருந்து ஒரு மேதையைக் கொண்டு வந்ததில் அவர் மனம் சற்றே ஆறியிருக்கக்கூடும்.

அதே 1923-இல் ராவென்னா நகருக்கு அருகில் நடந்த பந்தயத்தில் ஃபெராரி வென்றார். போரில் வீழ்ந்த விமான வீரர் ஃபிரான்செஸ்கோ பராக்காவின் பெற்றோருடைய அறிமுகம் அவ்வெற்றியால் கிடைத்தது. மகனுடைய விமானத்தில் தீட்டப்பட்டிருந்த, முன்கால் தூக்கிப் பாயும் கருங்குதிரைச் சின்னத்தைக் காரில் பொறித்துக் கொள்ளுமாறும், அது நற்பேறு தருமென்றும் அத்தாய் கூறினாராம். தம் ஊராகிய மோடெனாவின் நிறமான மஞ்சளைப் பின்புலமாக அமைத்து, 1932 முதல் ஃபெராரி அதனைத் தம் கார்களில் இட்டார். இறந்துபோன ஒரு மகனின் சின்னம் அது. இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1929-இல் மோடெனாவில் அவர் நிறுவிய பந்தய அணி, ஆல்ஃபா ரோமியோ கார்களையே கொண்டு களமிறங்கியது. 1932-இல் மகன் பிறந்தான். தந்தையும் அண்ணனும் தாங்கிய ஆல்ஃபிரெடோ என்ற பெயரையே அவனுக்குச் சூட்டி, டீனோ என்று செல்லமாக அழைத்தனர். அதன்பின் ஃபெராரி பந்தயத்தில் காரோட்டவில்லை. 1935-இல் ஜெர்மானியரின் ஆற்றல் மிக்க கார்களை அவர்தம் மண்ணிலேயே, நூர்பர்க்ரிங் களத்தில், பழைய ஆல்ஃபா ரோமியோ ஒன்றைக் கொண்டு தாட்சியோ நுவோலாரி வென்றது இவ்வணியின் சிகரம். ஆல்ஃபா நிறுவனத்தோடு பிணக்குற்று 1939-இல் ஃபெராரி விலகியபோது, நான்கு ஆண்டுகளுக்குத் தம் பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. பெயரில்லாமலே 1940-இல் இரண்டு கார்களைச் செய்து ஓடவிட்டார். இரண்டும் எல்லையை எட்டவில்லை.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல் பட்டறை மோடெனாவிலிருந்து மாரனெல்லோ என்னும் சிற்றூருக்கு இடம் பெயர்ந்தது. அங்கும் குண்டுகள் விழுந்தன. இடிபாடுகளைச் சரிசெய்து, ஜோவாக்கினோ கொலம்போவைக் கொண்டு 12 சிலிண்டர் எஞ்சினை வடிவமைக்கச் செய்து, 1947-இல் தம் பெயர் தாங்கிய முதற்காரை வெளியிட்டார். வறுமையுற்றிருந்த இத்தாலியில் ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்குப் பன்னிரண்டு சிலிண்டர் என்பது பித்தர் செயலாகவே பலருக்குத் தோன்றியது. மே 11-ஆம் நாள் பியாச்சென்ட்சாவில் முன்னணியில் ஓடுகையில் எரிபொருட் குழாயின் பம்பு பழுதாகிக் கார் நின்றது. இரண்டு வாரம் கழித்து ரோமாபுரியில் அதே கார் வென்றது. அவ்வாண்டு அக்டோபரில் டூரின் நகரத்து வாலன்ட்டீனோ பூங்காப் பந்தயத்திலும் ஃபெராரி கார் வென்றபோது, அவர் மக்கள் கூட்டத்தை விட்டு விலகிச் சென்று, அன்று அமர்ந்து அழுத அதே பலகையில் அமர்ந்து மீண்டும் கண்ணீர் உகுத்தார். 1951-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் தம்மை வளர்த்த ஆல்ஃபா ரோமியோவை ஃபெராரி கார் முதன்முதலாக வென்ற நாளிலும் அழுதார். தாயைக் கொன்றுவிட்டதாக அவர் உணர்ந்தாராம். இரும்பு மனிதர் என்று பெயரெடுத்த ஒருவருடைய வாழ்வில் இத்துணை அழுகை இருப்பது வியப்பே.

இனி அவருடைய பெருந்துயரம். மகன் டீனோ தசைநார்கள் மெல்ல மெல்ல நலியும் தீராத நோயோடு பிறந்தவன். எஞ்சின்களில் ஆர்வம் மிக்கவன். படுக்கையில் கிடந்தபோதும் யானோவும் தந்தையும் அருகிருக்க ஒரு புதிய 6 சிலிண்டர் எஞ்சினைப் பற்றி ஆராய்ந்தவன். ஃபெராரி மகனுடைய உணவின் அளவையும் உடல்நிலையின் ஏற்றஇறக்கத்தையும் நாள்தோறும் குறிப்பேட்டில் பதிந்து வந்தார். சரியான கணக்கிட்டால் எஞ்சினைப் போல் உடலையும் சீர்செய்துவிடலாம் என்று அத்தந்தை நம்பினார் போலும். 1956-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், 24-ஆம் வயதில் டீனோ மறைந்தான். அதன்பின் பன்னெடுங்காலம் காலைதோறும் மகனுடைய கல்லறைக்குச் சென்ற பின்னரே ஃபெராரி தொழிற்கூடம் சென்றார். மாரனெல்லோவில் உள்ள தொழிற்பள்ளி டீனோவின் பெயரால் விளங்குகிறது. ஃபெராரிக்கு மற்றொரு மகனும் இருந்தார். திருமணத்திற்குப் புறம்பான உறவில் 1945-இல் பிறந்த பியரோ அவர். மனைவி லாரா 1978-இல் இறந்த பின்னரே அம்மகனுக்குத் தந்தையின் பெயர் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பிள்ளையை நிழலில் நிறுத்தியதை எவ்வளவு பரிவோடு நோக்கினும் நியாயப்படுத்த இயலவில்லை.

தம் மகனுக்காக அவ்வளவு உருகியவர், பிறர் பெற்ற பிள்ளைகளை எப்படி நடத்தினார்? இவ்வினாவைக் கடந்து அவருடைய கார்களைப் புகழ்வது முறையன்று. 1957 மே 12-ஆம் நாள், பிரெஷ்ஷாவிலிருந்து ரோமாபுரி சென்று மீளும் மில்லே மிலியா என்ற ஆயிரம் மைல் பந்தயம் பொதுச் சாலையில் நடந்தது. எல்லை நெருங்கிய நிலையில் குயிடிட்சோலோ என்னும் சிற்றூருக்கு அருகே, மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. விரைவில் வந்த ஃபெராரி காரின் சக்கரத்தில் டயர் வெடித்தது. ஓட்டிய ஸ்பெயின் நாட்டுப் பிரபு டி போர்ட்டகோவும் உடனிருந்த எட்மண்ட் நெல்சனும் மாண்டனர். சாலையோரம் வேடிக்கை பார்த்து நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். ஃபெராரி மீது உயிரிழப்புக்குக் காரணமானவர் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 1961-இல்தான் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. அந்நிகழ்ச்சியோடு சாலைப் பந்தயமாக மில்லே மிலியா முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் காஸ்டெல்லோட்டியும் 1958-இல் முஸ்ஸோவும் காலின்ஸும் ஃபெராரி கார்களில் உயிர்நீத்தனர். தன் பிள்ளைகளைத் தானே விழுங்கும் ரோமானியப் புராணத்துச் சனித் தெய்வத்தோடு வாத்திகன் நாளேடு அவரை ஒப்பிட்டு எழுதியது. 1961 செப்டம்பரில் மொன்சா களத்தில் வான் டிரிப்ஸ் என்ற வீரரோடு பார்வையாளர் 15 பேரும் இறந்தனர். வீரர்களுள் எவருக்கு முதலிடம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் அவர்களைத் தம்முள் போட்டியிடச் செய்வது ஃபெராரியின் வழக்கம். அவ்வழக்கத்திற்கும் இச்சாவுகளுக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. நீதிமன்றம் தேடுவது குற்றத்தை; வரலாறு பார்ப்பது பொறுப்பை.

இத்தகைய இருண்ட நாள்களில்தான் 250 ஜி.டி.ஓ. உருவாயிற்று. பிரித்தானியரின் ஜாகுவார் நிறுவனம் 1961-இல் வெளியிட்ட ஈ-டைப் கார், ஃபெராரியின் ஆதிக்கத்திற்குப் போட்டியாக வந்தது. அதற்கு விடையாக ஒரு காரை உருவாக்கும் பணியை ஜோட்டோ பிட்சாரினி என்ற பொறியாளரிடம் மறைவாக ஒப்படைத்தார் ஃபெராரி. பிட்சாரினி பீசா பல்கலைக்கழகத்துக் காற்றுச் சுரங்கத்தில் வடிவத்தைச் சோதித்தார். எஞ்சினைத் தாழ்த்தியும் பின்னுக்குத் தள்ளியும் அமைத்து முன்புறத்தைத் தணிவாக்கினார். வண்ணம் பூசப்படாத, ஒட்டுப்போட்ட தகடுகளோடு கூடிய அம்முதல் மாதிரியைக் கண்டவர்கள் பூதம் என்று கேலி செய்தனர். அழகின் உச்சம் என்று இன்று போற்றப்படும் வடிவம் அவ்வாறுதான் முதலில் வெளிப்பட்டது.

பணி முற்றுப்பெறுமுன் பெருங்குழப்பம் நேர்ந்தது. தொழிற்கூட நிர்வாகத்தில் மனைவி லாராவின் தலையீட்டை எதிர்த்து மூத்த அலுவலர்கள் முறையிட, 1961-ஆம் ஆண்டு இறுதியில் கார்லோ கீட்டி, பிட்சாரினி உள்ளிட்ட பலரை ஒரே வேளையில் ஃபெராரி வெளியேற்றினார். வடிவமைப்புப் பகுதி ஏறக்குறைய வெறுமையாயிற்று. அப்பொழுது மௌரோ ஃபோர்கியேரி என்ற 26 வயது இளைஞரை அழைத்து எல்லாப் பொறுப்பையும் அவர் கையில் கொடுத்தார். அவ்விளைஞரே திகைத்துப் போனார். ஆனால் பழுதின்றி முடித்தார். நம் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் பொறியியல் பட்டதாரிகளுக்கு அந்த வயதில் அப்படியொரு பொறுப்பை யார் தருகிறார்கள்?

மேற்கூட்டைச் செய்தவர் மோடெனாவின் செர்ஜியோ ஸ்காலியெட்டி. அலுமினியத் தகட்டைக் கைச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தனர் அவருடைய பட்டறைக் கைவினைஞர்கள். ஒரு கார் போல் மற்றொரு கார் அச்சாக இராமைக்கு அதுவே காரணம். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த சக்கரத்தை அதியமானுக்கு உவமை கூறினார் ஔவையார். புறநானூறு பயின்ற மாணவருக்கு அத்தச்சன் நினைவு இங்கே வருதல் இயல்பு.

அக்காரின் அழகை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். அழகுக்காக மட்டும் அமைந்த பகுதி அதில் ஏதுமில்லை. நீண்டு தாழ்ந்த முகம் காற்றைக் கிழிப்பதற்கு. முகப்பில் உள்ள பிறை போன்ற மூன்று சிறு திறப்புகள், வெம்மை மிகும்போது கூடுதற்காற்றை உள்ளே விடுவதற்கு; வேண்டாதபோது அவற்றை மூடிவிடலாம். முன்சக்கரத்தின் பின்னுள்ள கீற்றுகள் சூடான காற்று வெளியேறுவதற்கு. வால்பகுதி சட்டென வெட்டுண்டு அதன் விளிம்பு நிமிர்ந்திருப்பது, விரைந்தோடும்போது பின்புறம் தரையைப் பற்றி நிற்பதற்கு. பன்னிரண்டு சிலிண்டர்களில் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர். பெயரில் உள்ள எண் அதுவே. ஆறு கார்புரேட்டர்கள், ஐந்து கியர்கள், சுமார் 300 குதிரைத் திறன், எரிபொருளின்றி 900 கிலோவுக்கும் குறைந்த எடை என்று அமைந்த அது மணிக்கு 280 கி.மீ. வரை செல்லவல்லது.

ஜி.டி.ஓ. என்பதன் இறுதி எழுத்து, விதிப்படி ஏற்பளிக்கப்பட்டது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. அவ்வகைப் பந்தயத்தில் நுழைய 100 கார்கள் செய்யப்பட வேண்டும் என்பது விதி. ஃபெராரியோ இது புதிய கார் அன்று, பழைய 250 ஜி.டி. காரின் திருத்திய வடிவமே என்று வாதிட்டு ஏற்பைப் பெற்றுவிட்டார். சாமர்த்தியமா சூழ்ச்சியா என்பதைப் படிப்போர் முடிவுக்கு விடுகிறேன். அந்த வாதம் எடுபட்டிராவிட்டால் இன்று இவை அரிய பொருளாகியிரா. 1962 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயத்தில் முதன்முதலாக இறங்கி, தன் பிரிவில் முதலிடமும் மொத்தத்தில் இரண்டாமிடமும் பெற்றது. அவ்வாண்டு லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம் இடங்கள். 1962, 1963, 1964 என மூன்றாண்டும் தன் பிரிவில் உலக வாகைப் பட்டம். பணம் இருந்தால் மட்டும் இதை வாங்கிவிட முடியாது. வாங்குவோரை ஃபெராரியே பார்த்து ஒப்பவேண்டும். அதே 1962-இல் வெளிவந்த தம் நினைவுநூலுக்கு, கொடிய மகிழ்ச்சிகள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். அவருடைய வாழ்வுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை யானறியேன்.

ஆனால் அந்தக் கார் அவருக்குக் காலாவதியான கருவியே. வென்ற கார்களைப் போற்றி வைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. அடுத்த காரே அவருடைய கார். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் முறை பரவியதும் ஜி.டி.ஓ. பழையதாயிற்று. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி ஒன்றுக்கு நன்கொடையாகச் சென்று, மாணவர்கள் கார்ப் பழுதுபார்க்கக் கற்கும் வகுப்பில் நின்றது. 1970-களின் தொடக்கத்தில் அப்பள்ளி அதனைச் சில ஆயிரம் டாலருக்கு விற்றுவிட்டது. 2019-இல் பொலோனியா நீதிமன்றம் ஜி.டி.ஓ.வின் வடிவத்தை ஒரு கலைப்படைப்பாக ஏற்று, பிறர் அதனை நகலெடுக்கத் தடை விதித்தது. 2023-இல் நியூயார்க் ஏலத்தில் மற்றொன்று 5 கோடியே 17 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. பள்ளி மாணவர் எண்ணெய்க் கையோடு தொட்டுப் பழகிய பொருளின் வகையை இன்று கண்ணால் காண்பதும் அரிது.

பிற்காலச் செய்திகள் சுருக்கமானவை. 1963-இல் ஃபோர்டு நிறுவனத்துக்குத் தம் நிறுவனத்தை விற்கப் பேசி, பந்தய அணியின் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்க மனமின்றி இறுதி நேரத்தில் மறுத்தார். சினங்கொண்ட ஃபோர்டு 1966-இல் லெ மான்ஸில் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றிப் பழிதீர்த்துக் கொண்டது. 1969-இல் நிறுவனத்தின் பாதிப் பங்கை வாங்கியது, அன்று வேலை மறுத்த அதே ஃபியட். பந்தய அணி மட்டும் அவர் கையிலேயே இருந்தது. பள்ளிக் கல்வியைக்கூட முழுமையாகப் பெறாத அவருக்குப் பொலோனியாப் பல்கலைக்கழகம் 1960-இல் பொறியியலில் மதிப்புறு பட்டம் வழங்கியது. கருங்கண்ணாடியும் ஊதா மையும் அவருடைய அடையாளங்களாயின. பந்தயக் களங்களுக்குச் செல்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, தொலைபேசி வழியே முடிவுகளைக் கேட்டறிந்தார். 1982-இல் தாம் மிகவும் நேசித்த கனடா நாட்டு வீரர் ஜில் வில்நவ் பெல்ஜியத்தில் உயிர்நீத்த செய்தியும் அவரைத் தேடி மாரனெல்லோவுக்கே வந்தது.

1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், 90-ஆம் வயதில் என்சோ ஃபெராரி மோடெனாவில் காலமானார். மோடெனாவின் சான் கத்தால்தோ கல்லறைத் தோட்டத்தில், தந்தையும் டீனோவும் துயிலும் குடும்பக் கல்லறையில் அவரை அடக்கம் செய்த பின்னரே உலகிற்குச் செய்தி தெரிவிக்கப்பட்டது. நான்கு வாரம் கழித்து, செப்டம்பர் 11-ஆம் நாள், மொன்சா களத்தில் இத்தாலியப் பந்தயம் நடந்தது. முதலிடம் பெர்கருக்கும் இரண்டாமிடம் அல்போரெட்டோவுக்கும் கிடைத்தன. இருவரும் ஓட்டியவை ஃபெராரி கார்கள். அவ்வாண்டின் 16 பந்தயங்களுள் மற்ற 15-ஐயும் வென்றது மெக்லாரன் அணி.